ஸிடானை மறித்த ஸ்கொட்லாந்துக்காரர்: ஒருநாள் அதிர்ஷ்டமா?

நீங்கள் எழுதியிருப்பது மூன்று வரி. ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 1997 இறுதியாட்டத்தில், யுவென்டஸுக்கு ஆடிய பிரெஞ்சுக்காரர் ஸிடானைக் கட்டிப்போட்டவர் டோர்ட்முண்டின் போல் லம்பேர்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் என்று எங்கேயோ வாசித்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றால் ஏன் அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை, இல்லை அன்றைக்கு மட்டும் குருட்டு அதிர்ஷ்டமா என்று கேட்கிறீர்கள். அவர் எங்கே பிறந்தார், எத்தனை கோல் போட்டார் என்று தேடிப் பார்க்க உங்களுக்கு நான் தேவையில்லை. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. மதர்வெல் மாதிரி ஒரு சின்னக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆள், ஒரே வருடத்தில் உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரை மறிக்கும் அளவுக்கு எப்படி வந்தார்? அதற்குள் அறிவும் பயிற்சியும் எவ்வளவு, தற்செயல் எவ்வளவு?

நான் டோர்ட்முண்டுக்குப் பக்கத்து ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ஊர்க் கழகம் ஒன்றில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கியவன். அதற்கான பயிற்றுநர் சான்றிதழும் எடுத்தேன். பெரிய கழகம் எதற்குள்ளும் கால் வைத்தவன் இல்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் மைதான ஓரத்தில் நின்று விளங்கிக்கொண்டதும், அந்த ஆட்டத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததும்தான். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டக்காரர் எத்தனை கிலோமீற்றர் ஓடினார், எந்த இடத்தில் பந்து வாங்கினார் என்று கணினி அளந்து கொடுக்கவில்லை. ஆகவே மறித்தல் பற்றிய என் பேச்சு கண் மதிப்பீடு. முடிவுகளும் திகதிகளும் மட்டும் கல்லில் எழுதியது.

கல்லில் எழுதியதை முதலில் வைத்துவிடுகிறேன். 1997 மே 28, மியூனிக் ஒலிம்பிக் மைதானம். டோர்ட்முண்ட் 3, யுவென்டஸ் 1. இத்தாலியின் யுவென்டஸ் முந்தின வருடத்துச் சாம்பியன். பயிற்றுநர் லிப்பியின் அணி. நடுவில் தேஷான், யுகோவிச், ஸிடான். முன்னால் வியேரி, போக்சிச். டெல் பியரோவைக்கூட இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்கள், அவ்வளவு வசதி. டோர்ட்முண்ட் ஜேர்மனியில் 1995, 1996 இரண்டு வருடமும் லீக் வென்ற அணி என்றாலும் வெளியே அன்றைக்கு அவர்கள் வெல்வார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. 29ஆவது நிமிடத்தில் டோர்ட்முண்டின் ரீட்லே முதல் கோல், 34இல் அவரே தலையால் இரண்டாவது. 65இல் டெல் பியரோ குதிகாலால் ஒன்று திருப்பினார். 71இல் டோர்ட்முண்டின் ரிக்கன். மைதானத்துக்குள் வந்து பதினாறு வினாடி, முதல் தொடுகை, தூரத்திலிருந்து கோல் காப்பாளர் பெருஸ்ஸியின் தலைக்கு மேலால் வலைக்குள். இந்த ஊரில் அந்தக் கோலைப் பார்த்ததைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரும் தாங்கள் இருந்த கதிரை வரை சொல்வார்கள். நானும் சொல்வேன், இப்போது வேண்டாம்.

அந்த முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் லம்பேர்ட் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோர்னர் பந்து தட்டி வெளியே விடப்பட்டு அவர் பக்கம் வந்தது. வலது பக்கத்திலிருந்து அதைத் திரும்பப் பெட்டிக்குள் மெதுவாகத் தூக்கிவிட்டார். ரீட்லே நெஞ்சில் இறக்கி அடித்தார். வெறும் மறிப்புக்காரர் என்று ஒருவரைச் சொல்லுமுன் இந்தப் பந்தைப் பார்க்க வேண்டும். பதற்றம் இல்லாத கால். அந்தக் கால் எங்கே பழகியது என்பதற்கு ஸ்கொட்லாந்துக்குப் போக வேண்டும்.

1969 ஓகஸ்டில் பிறந்தவர், கிளாஸ்கோவுக்கு மேற்கே லின்வுட் என்ற ஊரில் வளர்ந்தவர். பக்கத்துப் பெய்ஸ்லி நகரத்துக் கழகமான செயின்ட் மிரன் அவரைப் பதினாறு வயதிலேயே பெரிய அணியில் இறக்கியது. 1987இல் பதினேழு வயதில் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டம். மேலதிக நேரத்தில் டண்டி யுனைட்டட்டை 1-0 என்று வென்றார்கள். பதினேழில் கிண்ணம் தூக்கிய பையனுக்கு அடுத்த வருடமே கிளாஸ்கோவின் பெரிய இரண்டு கழகங்களான செல்டிக், ரேஞ்சர்ஸில் ஒன்று கதவு திறந்திருக்கும் என்று நினைப்போம். திறக்கவில்லை. 1992இல் செயின்ட் மிரன் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 1993இல் அவர் மதர்வெல்லுக்கு மாறினார். 1994-95இல் மதர்வெல் லீக்கில் ரேஞ்சர்ஸுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. அந்தக் கழகத்தின் அளவுக்கு அது பெரிய சாதனை. ஆனாலும் இருபத்தாறு வயதில் அவர் ஸ்கொட்லாந்துக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாத ஆள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள், ஏனென்றால் தற்செயல் உள்ளே வருவது இங்கேதான்.

1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. பொஸ்மன் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு சாதாரண ஆட்டக்காரர். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கழகம் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டு மாற்றுத்தொகை கேட்கிறது என்று வழக்குப் போட்டவர். தீர்ப்பு வந்ததும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் இன்னொரு நாட்டுக் கழகத்துக்குக் காசில்லாமல் போகலாம் என்றானது. அடுத்த கோடையில் லம்பேர்ட்டின் மதர்வெல் ஒப்பந்தம் முடிந்தது. முந்தின வருடம் முடிந்திருந்தால் மதர்வெல் ஒரு தொகை கேட்டிருக்கும், முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுக்க வெளிநாட்டில் யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். அதே கோடையில் செல்டிக்கின் ஜோன் கொலின்ஸும் இதே வழியாக மொனாக்கோவுக்குப் போய், அடுத்த வருடம் பிரெஞ்சு லீக் வென்றார். ஆகவே 'அதிர்ஷ்டமா' என்று நீங்கள் கேட்டதற்கு முதல் பதில்: வழி திறந்த நேரம் அதிர்ஷ்டம்தான்.

ஆனால் திறந்த வழியால் யாராவது நடந்து போக வேண்டுமே. அவருக்கு யாரும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. முதலில் ஒல்லாந்தின் பி.எஸ்.வி.யிடம் போய்த் தன்னை ஆடிக் காட்டினார், சரிவரவில்லை. அப்புறம் டோர்ட்முண்ட். இருபத்தாறு வயது, பல வருடம் முதல் அணியில் ஆடியவர், கிண்ணம் வென்றவர், தேசிய அணிக்கும் ஆடியவர். அப்படிப்பட்டவர் பதினெட்டு வயதுப் பையன் மாதிரி 'என்னைப் பாருங்கள்' என்று மொழி தெரியாத ஊரில் போய் நிற்பது லேசான விடயம் இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளின் அப்பாமார் சிலர், 'எங்கட மகனை ஏன் பரீட்சித்துப் பார்க்கிறீர்கள், அவன் போன வருடமும் ஆடினவன்தானே' என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களிடம் நான் சொல்லும் கதை இதுதான்.

இங்கே ஒரு கதை உலாவுகிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கழகங்களின் இன்னொரு போட்டியான யூஏஃபா கிண்ணத்தில் 1994-95இல் டோர்ட்முண்டும் மதர்வெல்லும் மோதின, இரண்டு ஆட்டத்திலும் டோர்ட்முண்டே வென்றது. இது உண்மை. அப்போது லம்பேர்ட்டைப் பார்த்து மயங்கி, அவரைக் குறித்து வைத்துத்தான் டோர்ட்முண்ட் எடுத்தது என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. அவ்வளவு பிடித்திருந்தால் ஏன் முதலில் ஆடிக் காட்டச் சொன்னார்கள்? முகம் ஞாபகம் இருந்திருக்கலாம், கதவு தட்டியபோது அது உதவியிருக்கலாம். அதற்கு மேல் அந்தக் கதையில் பாரம் ஏற்ற மாட்டேன். அதேபோல 'டோர்ட்முண்டுக்கு ஆடிய முதல் ஸ்கொட்லாந்துக்காரர்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது பிழை. அவருக்கு முன்பே செல்டிக்கிலிருந்து வந்த மேர்டோ மெக்லவுட் 1987 முதல் 1990 வரை இங்கே ஆடி, 1989இல் ஜேர்மன் கிண்ணமும் வென்றவர். இந்த ஊர்க் கிழவர்களுக்கு ஸ்கொட்லாந்துக்காரர் என்றால் முதலில் அவர் ஞாபகம்தான்.

சரி, ஸிடான் விடயத்துக்கு வருகிறேன். மதர்வெல்லில் லம்பேர்ட் முன்னோக்கிப் போகிற மத்திய கள ஆட்டக்காரர், சில வேளை வலது பக்கமும் ஆடுவார். அவரை இழுத்துப் பின்கள வரிசைக்கு நேர் முன்னால் நிறுத்தியவர் பயிற்றுநர் ஒட்மார் ஹிட்ஸ்பெல்ட். ஜேர்மனியில் அந்த இடத்தை 'ஆறாம் எண்' என்பார்கள், முதுகில் எந்த எண் இருந்தாலும் சரி. அந்த அணியில் லம்பேர்ட்டின் எண் 14. முன்னால் ஓடிப் பழகினவரைப் பின்னால் நிறுத்தினால் பெரும்பாலான ஆட்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். கோல் குறையும், பெயர் குறையும், கமரா உங்கள் பக்கம் திரும்பாது. அந்த அணியில் பந்தை வைத்து வித்தை காட்ட மோலர் இருந்தார், ஆட்டத்தை ஓட்ட பாவ்லோ சோசா இருந்தார், பின்னாலிருந்து எழுந்து வர மத்தியாஸ் ஸாமர் இருந்தார், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்தை 1996இல் வென்றவர். இல்லாதது, இவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போகும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர். லம்பேர்ட் அந்தச் சின்ன வேலையை ஏற்றுக்கொண்டார். அரையிறுதியில் மன்செஸ்டர் யுனைட்டட்டை ஓல்ட் ட்ரஃபோர்டில் 1-0 என்று மடக்கியபோது அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தது. அந்த ஆட்டத்தில் நிலத்தில் விழுந்து கிடந்தபடியே கன்டோனாவின் பந்தைத் தடுத்த பின்கள ஆட்டக்காரர் யூர்கன் கோலரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். லம்பேர்ட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆறாம் எண்ணின் தலைவிதி அது.

ஆளை மறிப்பது என்றால் ஆளின் பின்னால் ஓடுவது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருமுறை எதிரணியில் ஒரு கெட்டிக்காரப் பையன் இருக்கிறான் என்று எங்கள் பையன் ஒருவனிடம் 'அவனை விடாதே' என்றேன். அவன் என் சொல்லைத் தட்டவில்லை. அந்தப் பையன் ஓரக்கோட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோதும் பின்னாலேயே போய் நின்றான். நாங்கள் 5-0 என்று தோற்றோம். கெட்டிக்காரன் ஒரு கோலும் போடவில்லை, எங்கள் நடுவை மட்டும் காலியாக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மறிப்பது பற்றி ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று மியூனிக் ஆட்டத்தின் பதிவை நான் எடுத்து வைத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

நான் பார்த்த வரை லம்பேர்ட் செய்தது இப்படி. ஸிடான் பந்தை வாங்க விரும்பியது இரண்டு வரிசைக்கு நடுவில், முகம் கோல் பக்கம் திரும்பியபடி. அப்படி ஒரு பந்து கிடைத்துவிட்டால் பிறகு மறிப்பதெல்லாம் வீண்வேலை, அந்த உடம்பும் காலும் சேர்ந்து யாரையும் சுற்றிவிடும். அதனால் லம்பேர்ட் ஸிடானின் முதுகில் ஒட்டவில்லை. தேஷானிடமிருந்து ஸிடானுக்கு வரும் பாதையில் அரை உடம்பை வைத்து நின்றார். பந்து அந்தப் பாதையால் வராது, சுற்றித்தான் வரும். சுற்றி வரும்போது ஸிடான் பக்கத்துக்கு நகர்ந்தோ, தன் கோல் பக்கம் பார்த்தபடியோதான் வாங்க வேண்டும். அப்படி வாங்கிய பிறகு லம்பேர்ட் ஒரு கை தூரத்தில் நிற்கிறார், காலை நீட்டவில்லை. இதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க மிகக் கஷ்டமானது. ஸிடான் போன்றவர்கள் காத்திருப்பதே நீங்கள் காலை நீட்டும் அந்த நொடிக்குத்தான். நீட்டினால் போச்சு. நீட்டாமல் நின்றால் அவர் பந்தைப் பின்னால் கொடுப்பார், அல்லது உதவிக்கு சோசா வந்து சேர்வார். சோசா ஒரு வருடம் முன்புதான் இதே யுவென்டஸுக்கு ஆடிக் கிண்ணம் வென்றவர் என்பதையும் மறக்காதீர்கள். மோலர், கோலர், ரொய்ட்டர் என்று அந்த டோர்ட்முண்ட் அணியில் பாதிப்பேர் யுவென்டஸ் சோறு தின்றவர்கள். எதிரியின் வீட்டு அறைகள் அவர்களுக்குத் தெரியும்.

இனி சந்தேகமான பகுதி. 'லம்பேர்ட் ஸிடானை இல்லாமலே ஆக்கிவிட்டார்' என்று எழுதுகிறார்களே, அது அப்படி இல்லை. முதல் பாதியில் ஸிடான் அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டது. வியேரி போட்ட கோல் ஒன்றை நடுவர் செல்லாது என்றார். இவற்றில் ஒன்று உள்ளே போயிருந்தால் இன்றைக்கு நீங்கள் லம்பேர்ட்டின் பெயரை வாசித்திருக்க மாட்டீர்கள். அவர் ஆடிய விதம் அணுவளவும் மாறாமல் இருந்திருந்தாலும்கூட. இரண்டாம் பாதியில் யுவென்டஸ் நன்றாகவே ஏறி வந்தது. டெல் பியரோ வந்த பிறகு ஸிடானுக்கும் கொஞ்சம் காற்று விட்டது. என் மதிப்பில், ஸிடான் அன்று மோசமாக ஆடவில்லை, ஆனால் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கவிடாமல் செய்ததில் பெரிய பங்கு லம்பேர்ட்டுக்கு, ஒரு பங்கு பின்னால் நின்ற ஸாமருக்கும் கோலருக்கும், மிச்சம் கம்பத்துக்கு. இந்தப் பங்குக் கணக்கில் நீங்கள் என்னோடு முரண்படலாம், அதை நிரூபிக்க யாரிடமும் தராசு இல்லை.

ஜேர்மன்காரர்களுக்கு இப்படி ஒரு ஆளை ஒரு ஆளிடம் ஒப்படைப்பது பழைய பழக்கம். 1974 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஒல்லாந்தின் க்ரொய்ஃபை பேர்ட்டி வோக்ட்ஸ் மறித்தார். அதுவும் இதே மியூனிக் மைதானம்தான். 2002இல் அதே வோக்ட்ஸ் ஸ்கொட்லாந்துத் தேசிய அணியின் பயிற்றுநராகப் போனார், லம்பேர்ட் அவருக்குக் கீழும் ஆடினார். ஒரே மைதானத்தில் இருபத்துமூன்று வருட இடைவெளியில் ஒரே வேலையைச் செய்த இரண்டு பேர் கிளாஸ்கோவில் ஒன்றாக நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்கு ஆடிச் சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் லம்பேர்ட். இது உறுதியானது. இங்கிலாந்துக்காரர் மக்மனமன் ரியல் மட்ரிட்டோடு வென்றது அதற்கு மூன்று வருடம் பின்னால். இப்படி ஒரு சாதனைக்குப் பிறகும் ஏன் பேச்சில்லை என்று கேட்டீர்கள். முதற்காரணம், அவர் இங்கே நிலைக்கவில்லை. வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 1997 நவம்பரில் செல்டிக்குக்குப் போய்விட்டார். செல்டிக் கொடுத்தது சுமார் 20 லட்சம் பவுண்டு. காசில்லாமல் வந்தவருக்கு அந்தத் தொகை டோர்ட்முண்டுக்கு நல்ல வியாபாரம், ஆனால் ரசிகர்களுக்கு அது வியாபாரமாகப் படவில்லை. மைதானமே எழுந்து நின்று வழியனுப்பியது. ஒன்றரை வருடம் ஆடிய ஒரு வெளிநாட்டுக்காரருக்கு, அதுவும் அதிகம் கோல் போடாத ஒருவருக்கு, இந்த ஊர் அப்படிச் செய்வது அபூர்வம். அவர் போய்ச் சில வாரத்தில் டோர்ட்முண்ட் டோக்கியோவில் பிரேசிலின் க்ரூஸெய்ரோவை 2-0 என்று வென்று கண்டங்களுக்கு இடையிலான கிண்ணத்தையும் எடுத்தது. அந்தப் பதக்கம் அவருக்கு இல்லை.

செல்டிக்கில் அவர் செய்தது, நேர்மையாகச் சொன்னால், டோர்ட்முண்டில் செய்ததைவிடப் பெரியது. ஆனால் உலகம் அதைப் பார்க்கவில்லை. ரேஞ்சர்ஸ் தொடர்ந்து ஒன்பது லீக் வென்று பத்தாவதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த வருடம் அது. செல்டிக்காரர்களுக்கு அந்தப் பத்து என்ற எண் தூக்கத்திலும் வரும். 1998 புத்தாண்டை ஒட்டிய ரேஞ்சர்ஸ் ஆட்டத்தில் செல்டிக் 2-0 என்று வென்றது, இரண்டாவது கோல் லம்பேர்ட் தூரத்திலிருந்து அடித்தது. அதிகம் கோல் போடாதவர் என்று மேலே சொன்னேனே, அதற்குப் பரிகாரம் மாதிரி ஒரு அடி. கடைசி நாளில் செல்டிக் லீக்கை வென்று பத்தைத் தடுத்தது. அந்த ஜூனில் உலகக் கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக ஸ்கொட்லாந்தின் மத்திய களத்தில் அவர் நின்றார், 2-1 தோல்வி, அதுவும் ஸ்கொட்லாந்துக்காரர் இன்னொருவர் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே விட்ட கோலால். அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஸ்கொட்லாந்து ஆண்கள் அணிக்கு உலகக் கிண்ணத்தின் வாசல்படியே கிடைக்கவில்லை. பெயர் தெரியாமல் போனதற்கு அது இரண்டாவது காரணம். அதே போட்டியின் இறுதியாட்டத்தில் ஸிடான் தலையால் இரண்டு கோல் போட்டார். அத்தோடு உலகத்தின் ஞாபகத்தில் மியூனிக் அழிந்துவிட்டது.

மார்ட்டின் ஓநீல் பயிற்றுநராக வந்த பிறகு 2000-01இல் செல்டிக் உள்ளூரின் மூன்று கிண்ணத்தையும் ஒரே வருடத்தில் எடுத்தது, 1969க்குப் பிறகு முதல் தடவை. 2000 ஓகஸ்டில் ரேஞ்சர்ஸை 6-2 என்று அடித்த ஆட்டத்தில் பதினொரு நிமிடத்துக்குள் விழுந்த மூன்று கோலில் மூன்றாவது லம்பேர்ட்டுடையது. 2002இல் ஸ்கொட்லாந்து விளையாட்டு எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிந்தெடுத்தார்கள். 2003 மே 21, செவில் நகரத்தில் யூஏஃபா கிண்ண இறுதியாட்டம். செல்டிக்கின் அணித்தலைவர் லம்பேர்ட், எதிரே மொரின்யோவின் போர்ட்டோ. லார்சன் இரண்டு தடவை சமப்படுத்தியும் மேலதிக நேரத்தில் 3-2 என்று தோல்வி. நாலு நாள் கழித்து லீக்கையும் ஒரேயொரு கோல் வித்தியாசத்தில் ரேஞ்சர்ஸிடம் விட்டார்கள். முப்பத்துமூன்று வயதில் ஒரே வாரத்தில் இரண்டு கிண்ணம் விரலுக்கிடையால் போனது. தேசிய அணிக்கு மொத்தம் 40 ஆட்டம்.

பயிற்றுநராக அவர் செய்ததை நீங்கள் கேட்கவில்லை, அதனால் ஓட்டமாகச் சொல்கிறேன். பயிற்றுநர் உரிமத்தை ஜேர்மனிக்கு வந்துதான் எடுத்தார். இங்கே ஆடியபோது கற்றது பிடித்துப்போயிருக்க வேண்டும். 2009 ஓகஸ்டில் அவர் பயிற்றுவித்த இங்கிலாந்துக் கழகமான கொல்செஸ்டர், இன்னொரு இங்கிலாந்துக் கழகமான நொரிச்சை அதன் சொந்த மைதானத்திலேயே 7-1 என்று அடித்தது. பத்தே நாளில் நொரிச் அவரையே பயிற்றுநராக எடுத்துக்கொண்டது! இரண்டு வருடத்தில் இரண்டு படி ஏற்றி பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு அஸ்டன் வில்லா, ஸ்டோக், நொரிச்சின் பரம எதிரியான இப்ஸ்விச் என்று போனவை எல்லாம் அவ்வளவு சிறக்கவில்லை. ஸ்டோக்கும் இப்ஸ்விச்சும் அவர் கையில் இருக்கும்போதே கீழ்ப் பிரிவுக்கு இறங்கின, இரண்டையும் அவர் எடுத்தபோதே நிலைமை கெட்டிருந்தது. இந்தக் கடைசி வருடங்களின் தோல்விதான் இங்கிலாந்துக்காரருக்கு அவரைப் பற்றி முதலில் ஞாபகம் வருவது. பெயர் மங்கியதற்கு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மிகப் பெரிய ஆட்டக்காரரா என்று நேரடியாகக் கேட்டால், ஸிடான், மோலர் வரிசையில் இல்லை என்பேன், அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளும் ஆள் மாதிரி எனக்குப் படவில்லை. ஆனால் தன் வேலையின் எல்லை எது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஆட்டக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஆட்டத்தின் முழுப் பதிவு கையில் கிடைத்தால், கோல்களைத் தேடி ஓட்டாதீர்கள். முதல் அரை மணித்தியாலத்துக்குப் பந்தையே பார்க்காமல், யுவென்டஸின் 21ஆம் எண்ணையும் டோர்ட்முண்டின் 14ஆம் எண்ணையும் மட்டும் பாருங்கள். முதல் பத்து நிமிடம் அலுக்கும். அதற்குப் பிறகு 14 தன் தலையை எத்தனை தடவை திருப்பிப் பின்னால் பார்க்கிறார் என்று எண்ணத் தொடங்குங்கள். நான் இரண்டு தடவை எண்ண முயன்றேன், இரண்டு தடவையும் ரீட்லேயின் கோல் வந்து கணக்கைக் குழப்பிவிட்டது.